ஹம்பியில் ஒரு பூஜ்யம்

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலை ஏழரை மணிக்கு, சானாபூர் ஏரிக்குச் சற்றுத் தள்ளி, நெல்வயல் முடிந்து பாறைகள் தொடங்கும் இடத்தில், கவிழ்த்து வைத்த அண்டாவைப் போலிருந்த ஒரு கிரானைட் பாறையிலிருந்து நான் நான்காவது முறையாக வழுக்கி விழுந்தேன். பாறையின் உயரம் மூன்று மீட்டருக்கு மேல் இராது. கீழே விரித்திருந்த மெத்தை (கிராஷ் பேட் என்பார்கள்) என்னை வாங்கிக்கொண்டதால் உடம்பில் அடி ஒன்றும் படவில்லை. பட்டதெல்லாம் வேறு இடத்தில். நான் ஏற முயன்ற அந்த வழிக்கு இடப்பட்டிருந்த கிரேடு, அதாவது கடினத்தைக் குறிக்கும் எண், வி0; எண் கூடக்கூடக் கடினமும் கூடும். அதாவது பூஜ்யம். முந்தைய இரவு சாப்பாட்டின்போதுதான், பெங்களூரில் நான் வி3 ஏறுகிறவள் என்று யாரும் கேட்காமலேயே சொல்லியிருந்தேன்.

“இது உண்மையிலேயே வி0தானா அண்ணா?” என்று எங்களை அழைத்து வந்தவரிடம் கேட்டேன். அவர் கோலார் தங்கவயல் தமிழர். பதினைந்து ஆண்டுகளாகப் பாறை ஏறுகிறவர். “வி0ன்னுதாம்மா எழுதி வெச்சிருக்காங்க” என்றார். அவர் ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பௌல்டரிங் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக ஓரிரு வரிகள். கயிறும் இடுப்பு வாரும் இல்லாமல், விழுந்தாலும் தப்பித்துக்கொள்ளக்கூடிய உயரமுள்ள தனிப் பாறைகளில் ஏறுவதற்குத்தான் அந்தப் பெயர். காலை இறுகப் பிடிக்கும் ரப்பர் ஷூ, கை வியர்வையை உறிஞ்ச மெக்னீசியம் கார்பனேட் பொடி (எல்லோரும் அதை சாக் என்றே சொல்வார்கள்), கீழே விரிக்க நுரை அடைத்த கிராஷ் பேட், விழுகிறவரின் தலையும் முதுகும் மெத்தைக்கு வெளியே போய்விடாமல் கைகொடுத்துத் திருப்பிவிட ஒரு ஸ்பாட்டர் ஆகியவை இருந்தால் போதும். பாறையில் தொடங்கும் பிடி முதல் உச்சி வரையுள்ள ஒரு வழியை ‘ப்ராப்ளம்’ என்று அழைப்பது மரபு. அன்று காலை தொலைபேசியில் அழைத்த அம்மா, “அங்க ஒண்ணும் ப்ராப்ளம் இல்லியே?” என்று கேட்டபோது, “நாலு இருக்கும்மா, இன்னும் ஒண்ணுகூட முடியல” என்று சொல்லிவிட்டு, அதை விளக்கி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

நான் திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். மலைக்கோட்டையை மொட்டை மாடியிலிருந்து தினமும் பார்த்தவள்தான் என்றாலும், பாறை என்பது படிக்கட்டின் வழியாக ஏறிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்குவதற்கானது என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றியதில்லை. முப்பத்து மூன்றாம் வயதில், முதுகுவலிக்காக ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவர் சொன்னதை அலுவலகத்தில் ஒருவரிடம் புலம்பப்போய், அவர் என்னை ஒரு க்ளைம்பிங் ஜிம்முக்கு இழுத்துச் சென்றார். எட்டு மாதங்களில் முதுகுவலி போனது. அதன் இடத்தில் எண் பித்து வந்து உட்கார்ந்தது. ஜிம்மில் ஒவ்வொரு வழியின் கீழேயும் ஓர் அட்டை தொங்கும்: வி0, வி1, வி2 என்று. எந்தத் தேதியில் எந்த எண்ணை எத்தனை முயற்சியில் முடித்தேன் என்று கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். மென்பொருள் சோதனைத் துறையில் இருப்பவளிடம் எண்ணையும் பட்டியலையும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

அந்தப் பட்டியலோடுதான் வியாழன் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினேன். வெள்ளிக்கிழமை விருபாட்சர் கோயிலையும் விட்டலர் கோயிலையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதால் நான் ஆற்றைக் கடந்துவிடுகிறேன். துங்கபத்திரையின் வடகரையில் ஆனெகுந்தி, சானாபூர் என்று நீளும் பகுதிதான் இப்போது ஏறுகிறவர்களின் இருப்பிடம். முன்பு அவர்கள் தங்கிவந்த விருபாபுர கட்டேயின் விடுதிகள், பாதுகாக்கப்பட்ட பகுதியில் விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, 2020இல் இடிக்கப்பட்டன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாறைகள், குவியல் குவியலாக, ஒன்றின்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு. இதுதான் கிஷ்கிந்தை என்றும், வாலியும் சுக்ரீவனும் போரிட்டபோது வீசிக்கொண்ட கற்கள் இவை என்றும் ஊரில் சொல்கிறார்கள். நிலவியல் சொல்வது வேறு: சுமார் 250 கோடி ஆண்டுகள் பழைய கிரானைட், விரிசல்களின் வழியே நீர் இறங்கி, மூலைகள் முதலில் மட்கி, வெங்காயத் தோல் உரிவதுபோல் உரிந்து, நின்ற இடத்திலேயே உருண்டையாகியிருக்கிறது. எந்தக் கல்லும் எங்கிருந்தும் உருண்டு வரவில்லை என்பதை நம்பத்தான் கண் மறுக்கிறது.

நான் ஏன் விழுந்தேன் என்பதற்கு வருகிறேன். ஜிம்மில் ஒரு வழியின் பிடிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். பச்சை வழியில் ஏறினால் பச்சைப் பிடிகளை மட்டும் பிடித்து, பச்சைப் பிடிகளில் மட்டும் கால் வைத்து மேலே போகலாம். அடுத்த பிடி எங்கே என்று தேடும் வேலை ஒருபோதும் இல்லை. ஹம்பியில் பாறை முழுவதும் ஒரே பழுப்பு கலந்த சாம்பல் நிறம். கால் வைக்கும் இடம் என்று அண்ணா விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. கன்னத்தைப் பாறையோடு ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான், ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பளவுக்கு ஒரு மேடு நிழல் விழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன்மேல் ஷூவின் நுனியை வைத்து, முழு எடையையும் ஏற்றி, எழுந்து நிற்க வேண்டும். கைக்குப் பிடி எதுவும் கிடையாது. உள்ளங்கையைப் பாறையில் பதித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

செங்குத்துக்கும் குறைவாகச் சாய்ந்து கிடக்கும் இத்தகைய பாறை முகத்தை ஸ்லாப் என்பார்கள். அதில் ஏறும் விதி அச்சத்துக்கு நேர் எதிரானது. பயந்தவர் பாறையைக் கட்டிப்பிடிக்கிறார், கட்டிப்பிடிக்கும்போது இடுப்பு பாறையோடு ஒட்டி, எடை கால்களிலிருந்து கைகளுக்குப் போய்விடுகிறது, கால் பாறையை அழுத்தாமல் வெளியே தள்ளுகிறது, ரப்பர் வழுக்குகிறது. உடம்பைப் பாறையிலிருந்து விலக்கி, குதிகாலைத் தாழ்த்தி, பாதத்தின்மேல் நேராக நின்றால் அதே ரப்பர் பசைபோல் பிடித்துக்கொள்ளும். இதை எனக்கு மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் தலையாட்டினேன், நான்கு முறையும் கட்டிப்பிடித்தேன். என் ஜிம்மில் ஸ்லாப் சுவர் ஒரே ஒரு மூலையில்தான் இருக்கிறது. கைப்பலத்தைக் காட்ட வாய்ப்பில்லாத அந்த மூலைக்கு நான் அதிகம் போனதில்லை.

உச்சியும் ஒரு சிக்கல். ஜிம்மில் கடைசிப் பிடியை இரண்டு கைகளாலும் தொட்டால் முடிந்தது, கைதட்டுவார்கள், குதித்துவிடலாம். பாறையில் மேலே ஏறி நின்றால்தான் முடிந்ததாகக் கணக்கு. பிடி எதுவுமில்லாத உருண்ட விளிம்பில் உள்ளங்கைகளை ஊன்றி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சிறுவர்கள் எம்பி ஏறி உட்கார்வதுபோல் உடம்பைத் தூக்கி, ஒரு காலை மேலே போட வேண்டும். மாண்டில் என்கிற இந்த ஓர் அசைவை எட்டு மாதங்களில் நான் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் இவை என் குறைகள். என் கேள்வி எண்ணைப் பற்றியது. வி3 ஏறுகிறவளால் வி0 ஏற முடியவில்லை என்றால், இந்த எண் எதை அளக்கிறது? தராசு காட்டும் கிலோவைப்போல் அது பாறைக்குரியதா, அல்லது ஏறுகிறவருக்குரியதா? அன்று மதியம் முழுவதும், வெயில் ஏறிக் கிரானைட் தோசைக்கல்லாகிவிட்டதால் வேறு வேலையின்றி ஒரு புளியமரத்தடியில் மிர்ச்சி பஜ்ஜியும் மண்டக்கியும் தின்றுகொண்டு அண்ணாவைக் குடைந்தேன். அவர் சொன்னதும், பெங்களூர் திரும்பியபின் நான் தேடிப் படித்ததும் சேர்ந்து கீழே வருகிறது.

பௌல்டரிங்கைத் தனி விளையாட்டாக எண்ணவைத்தவர்களில் முக்கியமானவர் ஜான் கில் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர், சாக் பொடியை அங்கிருந்து பாறைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1950களில் அவர் மூன்றே படிகள் கொண்ட ஓர் அளவுமுறையை வகுத்தார். பி1 என்றால் அன்றைய கயிறேற்றத்தில் (பாதுகாப்புக்குக் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுவதில்) ஏறப்பட்ட மிகக் கடினமான அசைவுகளுக்கு நிகரானது. பி2 அதைவிடக் கடினமானது. பி3 என்றால் பலர் முயன்றும் ஒரே ஒருவர் மட்டுமே ஏறியது. இரண்டாவது ஆள் ஏறிவிட்டால் அது பி3 ஆக இருக்க முடியாது. தானாகவே கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். பாறை அப்படியே இருக்கும், எண் மாறிவிடும். ஒரு கணிதக்காரர் கிரேடு என்பது பாறையின் பண்பன்று என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த முறை நிலைக்கவில்லை. தன் சாதனை இன்னொருவரின் வெற்றியால் மதிப்பிழப்பதை எத்தனை பேர் விரும்புவார்கள்?

இப்போது நாம் பயன்படுத்தும் வி அளவுமுறை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹ்வேக்கோ டேங்க்ஸ் என்ற பாறைப் பகுதியில் பிறந்தது. ஜான் ஷெர்மன் என்பவர் 1991இல் அப்பகுதிக்கான வழிகாட்டிப் புத்தகத்தில் அதை வெளியிட்டார். அவருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் வெர்மின். பூச்சி, எலி போன்ற தொல்லைப் பிராணிகளைக் குறிக்கும் சொல். அதன் முதலெழுத்துதான் அந்த ‘வி’. நான் எட்டு மாதங்களாகப் பக்தியோடு பட்டியலிட்டு வந்த எழுத்து ஒரு பட்டப்பெயரின் முதலெழுத்து என்று தெரிந்தபோது புளியமரத்தடியில் புரையேறியது. முக்கியமான செய்தி வேறு: அந்த முறை அசைவுகளின் கடினத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது. உயரம், பயம், கீழே கிடக்கும் கூர்மையான கல் ஆகிய எதுவும் அந்த எண்ணுக்குள் வராது.

ஷெர்மனின் வி0 தொடக்கநிலைப் படியாக வகுக்கப்பட்டதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கயிறேற்ற அளவுமுறையில் 5.10 அளவுக்குக் கடினமான அசைவுகளோடு அதை ஒப்பிடுவது வழக்கம். (அந்த முறையில் 5.9தான் உச்சம் என்று முதலில் நினைத்திருந்தார்கள். அதைவிடக் கடினமானது வந்ததும் 5.10 என்று எழுதத் தொடங்கினார்கள். பள்ளிக் கணக்கில் 5.10 என்பது 5.9ஐவிடச் சிறியது என்று எனக்குக் கற்பித்த திருச்சி டீச்சர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்?) 5.10 ஒரு காலத்தில் தேர்ந்த ஏறுகிறவர்களின் எல்லையாக இருந்தது. ஆக, ஏற்கெனவே பல ஆண்டுகள் ஏறிப் பழகியவர்கள் எண்ணத் தொடங்கும் இடமே பூஜ்யம். அதற்குக் கீழே இருந்தவற்றை அவர்கள் எண்ணவே இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் தொடக்கநிலைக்கு விபி என்றொரு படியை ஒட்டவைத்தார்கள்.

ஜிம்மின் கணக்கு இதற்கு நேர்மாறானது. முதல் நாள் பணம் கட்டி வருகிறவர் எதையாவது ஏறிவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினால்தான் மறுநாள் வருவார். எனவே அங்கே வி0 ஏணியைப்போல் இருக்கும், வி1 சற்றே இடைவெளி விட்ட ஏணியாக இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பயிற்சிக்கூடத்துக்குப் படிகள் வேண்டும்தானே. ஆனால் அதே எழுத்தையும் அதே எண்ணையும் பயன்படுத்துவதால், ஜிம்மின் வி3ஐக் கையில் வைத்துக்கொண்டு பாறையில் சில்லறை மாற்றலாம் என்று என்னைப்போன்றவர்கள் நம்பிவிடுகிறோம்.

இதற்குமேல் ஒரு காரணம் இருக்கிறது. நான் படித்தவற்றில் இதை அழுத்திச் சொன்னவர்கள் குறைவு என்பதால் என் கருத்தாகவே வைக்கிறேன். எந்த அளவுமுறையிலும் அடிமட்ட எண்கள்தான் மிகவும் நம்பமுடியாதவை. ஒரு வழிக்குக் கிரேடு இடுகிறவர் பெரும்பாலும் அந்தக் கிரேடுக்கு வெகு மேலே ஏறக்கூடியவர். வி8 ஏறுகிற ஒருவரை வி0வுக்கும் வி1க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லச் சொல்வது, குண்டூர்க்காரரிடம் சாம்பாரில் எத்தனை மிளகாய் என்று கேட்பது போன்றது. அவருக்கு இரண்டுமே காரமில்லை. ஹம்பி 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற பாறை ஏறுகிறவர் கிறிஸ் ஷார்மா போன்றோர் வந்து ஏறிய பிறகு உலகப் புகழ் பெற்ற இடம். இங்குள்ள பல பாறைகளுக்கு எண் இட்டவர்கள் குளிர்காலத்தில் வந்துபோன வலிமையான ஏறுகிறவர்கள். உடலைச் சூடாக்கிக்கொள்ள ஓடி ஏறிய பாறைகளுக்கு, தேநீர் குடிக்கும்போது ‘அதுவா, வி0’ என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மேல்முனையில் நிலைமை வேறுவிதமான வேடிக்கை. பின்லாந்தின் லாப்நோர் என்ற இடத்தில், முன்னோக்கிக் கவிந்த ஒரு பாறை இருக்கிறது. நல்லே ஹுக்காதாய்வால் என்பவர் பல ஆண்டுகள் முயன்று 2016இல் அதை ஏறி, பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ் என்று பெயரிட்டு, வி17 என்றார். உலகில் அதற்குமுன் யாரும் முன்வைக்காத எண் அது. 2023இல் வில் போசி என்ற பிரிட்டன்காரர் ஏறும்வரை, ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த எண்ணுக்குச் சாட்சி ஒரே ஒரு மனிதரின் விரல்கள்தான். போசியும்கூட அந்தப் பிடிகளை அச்சு அசலாக நகலெடுத்துச் செய்த பிரதியில் பயிற்சி செய்துவிட்டுத்தான் போனார். ஒருவர் முன்மொழிகிறார், அடுத்தவர் ஏறிப்பார்த்துச் சரியென்கிறார் அல்லது குறைக்கிறார். ஊர்ப் பஞ்சாயத்தில் நிலத்துக்கு விலை வைப்பதைப்போலத்தான் கிரேடும். பேசிப் பேசித்தான் ஓர் எண்ணில் வந்து நிற்கிறது.

பிரான்சின் ஃபோன்டேன்ப்ளோ காட்டில், பாரிஸிலிருந்து அறுபது கிலோமீட்டர் அளவில் உள்ள மணற்பாறைகளில், வேறொரு முறை வளர்ந்தது. அங்கே தனித்தனிப் பாறைக்கு எண் தருவதற்கு முன்பே, ஒரே அளவு கடினமான பல பாறைகளை வண்ண அம்புக்குறிகளால் இணைத்து ஒரு சுற்றாக ஏறும் பழக்கம் வந்துவிட்டது. மஞ்சள் எளிது, ஆரஞ்சு அதைவிடச் சற்றுக் கடினம், நீலம், சிவப்பு என்று ஏறிக்கொண்டே போகும். தனிப் பாறைக்கு 6ஏ, 6பி, 7ஏ என்று எழுதும் முறையும் அங்கிருந்துதான் ஐரோப்பா முழுவதும் பரவியது. 6ஏ ஏறக்குறைய வி3, 7ஏ வி6, 9ஏ வி17 என்று மாற்று அட்டவணை போட்டு ஜிம்மில் ஒட்டியிருப்பார்கள். இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. பிரான்சிலேயே கயிறேற்றத்துக்கும் இதே எண்ணும் எழுத்தும் வழங்குகின்றன. ஆங்கிலப் பேரெழுத்தில் எழுதினால் பௌல்டரிங், சிற்றெழுத்தில் எழுதினால் கயிறு. கயிற்றில் 6ஏ ஏறுகிறவர் பௌல்டரிங் 6ஏ முன்னால் போய் நின்றால் என் கதைதான் நடக்கும். ஜப்பானியர்கள் தற்காப்புக் கலையிலிருந்து க்யூ, டான் என்னும் படிகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை பெல்ட், கருப்பு பெல்ட் போல. பௌல்டரிங் தெரியாதவருக்கும் உடனே புரியும் ஒரே முறை அதுதான் என்று நினைக்கிறேன்.

மாலை நான்கரை மணிக்கு வெயில் தணிந்ததும் மறுபடி புறப்பட்டோம். எங்களோடு வந்த மூன்றாவது நபர் ஹாசன்காரர், என் அலுவலகத்தில் வேறு குழுவில் இருப்பவர், ஆறடிக்கு மேல் உயரம். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். பெயரும் எண்ணும் இல்லாத ஒரு பாறையை அண்ணா காட்டி, மூன்று பேரும் ஏறுவோம், ஏறியபின் ஆளுக்கொரு கிரேடு சொல்வோம், மற்றவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மாற்றக்கூடாது என்றார். ஹாசன்காரர் தரையில் நின்றபடியே கையை நீட்டி மேல்விளிம்பின் நல்ல பிடியைப் பற்றி, இரண்டு எட்டில் உச்சிக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பிடி ஒரு முழம் எட்டவில்லை. நடுவிலிருந்த ஒரு விரிசலில் நுனிவிரல்களைச் செருகி, இடதுகாலை இடுப்புயரத்துக்குத் தூக்கி வைத்து, அதன்மேல் எழுந்து, ஆறாவது முயற்சியில் பிடித்தேன். ஹாசன்காரர் வி0 என்றார். நான் வி2 என்றேன். அண்ணா வி1 என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பக்கத்திலேயே இன்னொன்று. பாறையின் அடியில் உட்கார்ந்த நிலையில் தொடங்கி, கூரைபோல் கவிந்த பகுதியைத் தாண்டி வெளியே வர வேண்டும். ஹாசன்காரரின் முழங்கால்கள் அந்த இடத்துக்குள் அடங்கவே இல்லை; காலை மடக்கினால் தலை இடித்தது, தலையைக் குனிந்தால் இடுப்பு தரையில் உரசியது. பத்து முறை முயன்று கடைசியில் ஏறி வந்து, மூச்சிரைக்க வி3 என்றார். எனக்கு அது வி1. குள்ளமானவர்களுக்குப் பாறை இழைக்கும் அநீதி பற்றி அதுவரை நான் ஆற்றிய உரையை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

“அப்போ எதை எழுதுறது அண்ணா?” என்றேன். “ஏறினவங்க நீங்க. என்னை ஏன் கேக்கிற?” என்றார். பிறகு, இன்னும் நூறு பேர் ஏறட்டும், நெட்டையும் குட்டையுமாக, குளிரிலும் வெயிலிலும், அப்போது தானாகவே ஓர் எண் வந்து நிற்கும், அந்த எண்ணும் நூறு பேரில் யாருக்கும் பொருந்தாமல் இருக்கலாம் என்று விளக்கினார். மென்பொருள்காரிக்குச் சராசரி என்பது புரியாததன்று. இருபது பேரின் சட்டை அளவுகளின் சராசரியில் தைத்த சட்டை ஒருவருக்கும் சேராமல் போகலாம். கிரேடைச் சராசரியாக ஒருபோதும் நினைத்துப் பார்க்காமல், பாறையின் மேல் ஒட்டிய விலைச்சீட்டாக நினைத்ததுதான் என் பிழை.

எண்ணுக்குள் வராத ஒன்றை அன்று இருட்டுவதற்குள் கற்றேன். நான்கு மீட்டர் உயரமுள்ள ஒரு பாறையில், அண்ணா விபி என்று சொன்ன வழியில், எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறிவிட்டேன். உச்சியில் நின்று ஏரியையும் தொலைவில் அஞ்சனாத்ரி மலைமேல் வெள்ளையாகத் தெரிந்த அனுமன் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான், இறங்க வழியில்லை என்பது தெரிந்தது. ஜிம்மில் முப்பது சென்டிமீட்டர் மெத்தை தரை முழுவதும் விரிந்திருக்கும். இங்கே கட்டில் அளவுகூட இல்லாத இரண்டு பேடுகள், அவற்றைச் சுற்றிலும் கல். பாறையின் மறுபக்கம் இன்னும் செங்குத்து. இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏறிய வழியிலேயே பின்பக்கமாக, கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல், அண்ணா கீழேயிருந்து “இடது கால், இன்னும் கீழ, இன்னும் கொஞ்சம், அங்கதான், நில்லு” என்று சொல்லச் சொல்ல இறங்கினேன். அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபப்பட்டேன். “ஏறும் முன்னாடி இறங்கற வழியைப் பார்க்கணும்னு காலையில சொன்னேனே” என்றார். உண்மைதான், சொல்லியிருந்தார், அப்போது நான் வழிகாட்டிப் புத்தகத்தில் கிரேடைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிட்டனில் கயிறேற்றத்துக்கு இரண்டு கிரேடுகளைச் சேர்த்துத் தருகிறார்கள்: ஒன்று, வழி மொத்தமாக எவ்வளவு கடுமையானது, விழுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் உள்ளடக்கியது, மற்றது, அதிலுள்ள மிகக் கடினமான அசைவுக்கு மட்டும் உரியது. புதியவர்களுக்குப் பௌல்டரிங்கிலும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். வி எண் ஒருபுறம் இருக்கட்டும். உயரம் எத்தனை, விழும் இடம் எப்படி, இறங்கும் வழி எந்தப் பக்கம் என்ற மூன்று செய்திகளைத் தருகிற வழிகாட்டிப் புத்தகம்தான் முதன்முறை பாறைக்குப் போகிறவருக்குப் பயன்படும். அது இல்லாதபோது பாறையை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்துவிட வேண்டும். பேட் விரிக்கும் முன் புதரைக் கம்பால் தட்டிப் பாம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருட்டியபின் பாறைகளுக்கிடையில் சுற்றக்கூடாது; இது கரடிகள் நடமாடும் வட்டாரம், அவற்றுக்கான தரோஜி சரணாலயமே அருகில்தான் இருக்கிறது. சிற்பமோ மண்டபமோ வழிபாடோ உள்ள எந்தப் பாறையிலும் கை வைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டியலில் உள்ள இடம் அது. பட்டியலில் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாததுதான். ஏறி முடித்ததும் சாக் தடங்களைத் தூரிகையால் துடைத்துவிட்டு வருவதும் இதோடு சேர்ந்ததே.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கே கவிழ்த்த அண்டாவிடம் போனோம். இரவுக் குளிரில் பாறை சில்லென்றிருந்தது. குளிர்ந்த பாறையில் விரல் வியர்க்காது, ரப்பரும் நன்றாகப் பிடிக்கும். முந்தைய நாள் வழுக்கிய அதே நாணய விளிம்பில் கால் நின்றது. இம்முறை கட்டிப்பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பாதிவரை கட்டிப்பிடித்தேன், நடுவில் கால் நடுங்கத் தொடங்கியதும் “பின்னாடி சாய்” என்ற குரல் கேட்டுச் சாய்ந்தேன், நடுக்கம் நின்றது. விளிம்பில் கையூன்றியபோது வயிற்றால் தவழ்ந்து, முழங்காலைத் தேய்த்து, மிக அழகற்ற முறையில் உச்சிக்கு உருண்டேன். சனிக்கிழமையின் எட்டு முயற்சிகளையும் சேர்த்தால் இது பதினொன்றாவது. பின்பக்கம் சரிவாக இருந்ததால் நடந்தே இறங்கிவிட்டேன். அதை ஏறும் முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

“இப்போ சொல்லு, வி0வா?” என்றார் அண்ணா. சனிக்கிழமை கேட்டிருந்தால் வி4 என்று சண்டை போட்டிருப்பேன். இப்போது காலை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதால், அந்தக் கடினம் எங்கே போயிற்று என்று எனக்கே விளங்கவில்லை. இன்னொரு முறை ஏறிப்பார்த்தேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “வி0ன்னுதான் எழுதி வெச்சிருக்காங்க” என்றேன்.

இரவு ஹொசபேட்டில் ரயில் ஏறினோம். கரடுமுரடான கிரானைட் இரண்டு நாளில் விரல் நுனிகளின் தோலை உரித்து, இளஞ்சிவப்பாக, கண்ணாடிபோல் வழவழப்பாக்கி விட்டிருந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவே கைக்குட்டை தேவைப்பட்டது. பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டபோது கைப்பேசியைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தேன். அது என்னை அடையாளம் தெரியவில்லை என்றது. ஆட்காட்டி விரலை வைத்தேன், அதையும் ஏற்கவில்லை. அவர் பொறுமையாக நின்றுகொண்டிருக்க, வேறு வழியின்றி எண்களை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினேன்.